படம் சாட்சி சொல்லும்!

கோயிலைப் படமெடுத்த வெளியூர்க்காரர்களும், சாமியை மீட்டுத் தந்த பழைய நெகட்டிவ்களும்

நவம்பர் தொடங்கி மே வரை, நவி மும்பையின் ஐரோலியில், தானே கழிமுகக் கரையில், விடிவதற்கு முன்பே கேமராக்கள் வந்து இறங்கிவிடுகின்றன. முழங்கை நீள லென்ஸ், முக்காலி, தோள்பை என்று வரும் இந்தக் கூட்டம் பூநாரைகளைத் தேடி வருகிறது. தானே கழிமுகத்தை 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது மகாராஷ்டிர அரசு. 2022-ல் ராம்சர் சதுப்புநிலப் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஐரோலியில் இருக்கும் கடலோரப் பல்லுயிர் மையத்தின் படகில் ஏறினால், சேற்றுத்திட்டில் இளஞ்சிவப்பாக நிற்கும் பறவைகளை அருகில் போய்ப் பார்க்கலாம்.

ஐரோலி - முலுண்டு பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மலைத்தொடர் ஒன்று தெரியும். அது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அந்தக் காட்டுக்குள், போரிவிலிப் பக்கமாக ஏறினால் கன்ஹேரி. பாறையைக் குடைந்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு காலம் துறவிகள் வாழ்ந்த இடம். தெற்கே துறைமுக நீருக்கு நடுவே காராபுரித் தீவு. உலகம் எலிஃபெண்டா என்று அறிந்த இடம். ஐரோலியில் குடியிருக்கும் தமிழர் ஞாயிறு காலையில் கிளம்பினால், இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். போகிறார்கள், பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கில் படமும் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் பிறகு என்ன ஆகின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கிருந்தோ வந்து சில நாள் தங்கிப் போன ஒரு வெளியூர்க்காரர் எடுத்த படம்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றுக்குக் கையில் இருக்கும் ஒரே சாட்சி. அந்தப் படம் இல்லையென்றால் திருட்டுப்போன சாமி திரும்பியிருக்காது. திருட்டுப்போனது என்பதே தெரியாமல் போயிருக்கும் கதையும் உண்டு.

லண்டனிலிருந்து வந்த ராமர்

மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்கு அருகே ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயில். விஜயநகரக் காலத்து ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் இங்கே இருந்தன. 1978 நவம்பரில் களவு போயின. போலீஸில் புகார் பதிவானது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஒரு சத்தமும் இல்லை.

அந்தக் களவுக்கு இருபது ஆண்டுகள் முன்னால், 1958 ஜூனில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் கோயிலுக்கு வந்து சிலைகளைப் படமெடுத்துப் போயிருந்தார்கள். 1955-ல் தொடங்கிய நிறுவனம் அது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் கோயில், கோபுரம், கற்சிலை, செப்புச்சிலை என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார்கள். பிரெஞ்சு அறிஞர்களும் நம்மூர்ப் பணியாளர்களும் சேர்ந்து செய்த வேலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஊர், கோயில், சிலை, எடுத்த காலம் எழுதியிருக்கிறது. அன்றைக்கு இவர்களைப் பார்த்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரர் நம் கோயிலை இவ்வளவு சிரத்தையாகப் படமெடுக்கிறாரே என்று வியந்திருக்கலாம். அந்தச் சிரத்தைக்குப் பலன் கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

2019-ல், இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ராமர் சிலை ஒன்றின் படம் 'இந்தியா ப்ரைடு ப்ராஜெக்ட்' தன்னார்வலர்கள் கண்ணில் பட்டது. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சிலைகளைத் துப்புத் துலக்கிய எஸ்.விஜயகுமார், அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னையை விட்டு வெளிநாட்டில் குடியேறிய ஒரு தமிழர், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிச் சிற்பங்களைப் படமெடுத்து, அவற்றைப் பற்றி எழுதி, அந்தப் பழக்கத்திலிருந்தே திருட்டுச் சிலைகளை அடையாளம் காணும் இடத்துக்கு வந்தவர். அவர் எழுதிய 'தி ஐடல் தீஃப்' நூல் 2018-ல் வெளியானது. லண்டன் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் போனது. புதுச்சேரி நெகட்டிவையும் லண்டன் சிலையையும் வல்லுநர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்றார்கள். சிலையை வைத்திருந்தவர் விலை கொடுத்து வாங்கியவர். திருட்டுப் பொருள் என்று தெரிந்ததும் ஒப்படைத்துவிட்டார். 2020 செப்டம்பரில் ராமரும் லட்சுமணரும் சீதையும் இந்தியத் தூதரகத்தின் கைக்கு வந்தார்கள். பிறகு தமிழகம் வந்து சேர்ந்தார்கள்.

இதைவிட அதிர வைப்பது கும்பகோணத்துக்கு அருகே சுந்தரப்பெருமாள் கோயிலில் நடந்தது. அங்கிருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1957-ல் இதே நிறுவனம் படமெடுத்திருந்தது. அந்தத் திருமேனி 1967-ல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே கோயிலில் இருந்தது நகல் என்று விசாரணையில் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. 2019-ல் ஆய்வாளர் ஒருவர் அந்த 1957 படத்தைக் கண்டுபிடித்து அருங்காட்சியகத்துக்குச் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. சிலையைத் திருப்பித் தர 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

இங்கே சிலையின் அழகைவிட, படத்தின் அழகைவிட, அந்த நான்கு இலக்கம் முக்கியம். 1957-ல் சிலை கோயிலில் இருந்தது, 1967-ல் லண்டனில் விற்கப்பட்டது. இடையில் வெளியே போயிருக்கிறது. இதற்கு மேல் எந்த வாதமும் தேவைப்படவில்லை. தேதி இல்லாத படமாக இருந்திருந்தால், எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று எதிர்த்தரப்பு கேட்டிருக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையைப் பலரும் அறிவார்கள். ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சிலை. அது ஸ்ரீபுரந்தான் கோயிலைச் சேர்ந்தது என்று காட்டியதும் புதுச்சேரிப் படம்தான். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட்டே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். விற்ற சுபாஷ் கபூருக்கு, இன்னொரு கோயில் களவு வழக்கில், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

படிக்கத் தெரியாத கல்வெட்டு

வெளியூர்க்காரரின் கேமராவுக்கு இந்த நாட்டில் இன்னும் நீண்ட கதை இருக்கிறது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர், மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். புகைப்படம் என்பதே புதிதாக இருந்த காலம். 1854-ல் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு பர்மாவுக்குப் போன தூதுக்குழுவில் படமெடுக்கிறவராகப் போனார். பிறகு மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் கிளம்பி, மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே பெரும் கலகம் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

மெழுகு தடவிய தாளில் நெகட்டிவ் எடுப்பது அவர் முறை. வெயில் நாட்டுக்குத் தோதானது. கண்ணாடித் தகட்டில் ஈரப்பூச்சு பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டிய முறைதான் அப்போது பரவிக்கொண்டிருந்தது. நம்மூர் ஏப்ரலில் அந்தப் பூச்சு எத்தனை நிமிடம் தாங்கும்? தாள் அப்படியில்லை; முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். ஆனால் வெளிச்சம் பதிய வெகுநேரம் பிடிக்கும். அவ்வளவு நேரத்துக்குள் நடந்து போகிறவர்கள் படத்தில் பதிவதே இல்லை. ட்ரைப்பின் மதுரை ஆளில்லாத மதுரையாக இருப்பதற்கு இதுதான் காரணம். புதுமண்டபத்தில் ஒரு பூக்காரியும் இல்லை, தெப்பக்குளப் படிக்கட்டில் ஒரு குழந்தையும் இல்லை. வெளியூர்க்காரரின் கேமரா நமக்குத் தராமல் விட்டது இது. கல்லைக் கொடுத்தது, கல்லைச் சுற்றி இருந்தவர்களைத் தரவில்லை.

கல்லை எவ்வளவு நேர்மையாகக் கொடுத்தார் என்று சொல்லியாக வேண்டும். திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்தது, கவர்னர் நேப்பியர் காலத்துப் பழுதுபார்ப்புக்கு முன்னால். அது இடிந்து கிடந்த கோலம் அந்தப் படங்களில் இருக்கிறது. மதுரைக்காரர்கள் தினமும் கடந்து போகும் விளக்குத்தூணும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை என்னைக் கட்டிப்போடுகிறது. விமானத்தின் அடிப்பீடத்தில் நீளமாக ஓடுகிறதே கல்வெட்டு, அதைத் துண்டு துண்டாக, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்கிறார். 21 படங்கள். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் சுமார் 19 அடி. ஒரு வரியும் விட்டுப்போகாமல், எழுத்து எழுத்தாகத் தெரிகிற மாதிரி.

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று ட்ரைப்புக்குத் தெரியாது. அன்று தெரிந்தவர்களும் அநேகமாக இல்லை. பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பதிலேயே குழப்பம் இருந்த காலம். வேறு வேறு சோழர் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக ஹுல்ஷ் 1886-ல் பொறுப்பேற்று, தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பிறகே ராஜராஜன் பெயர் நிலைபெற்றது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னால், படிக்கத் தெரியாத ஒருவர், இது யாருக்கோ எப்போதோ வேண்டியிருக்கும் என்று நம்பி அத்தனை வரியையும் பதிவு செய்தார். பயணப் படம் என்றால் இதுதான் என்பேன்.

அரசாங்கத்துக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், செலவைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தினார். ட்ரைப் அதன்பின் புகைப்படத் துறையில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1902-ல் இறந்தார். 2014-ல் வாஷிங்டனிலும், பிறகு நியூயார்க், லண்டனிலும் அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது.

ஓவியம் எரிந்தது, படம் பிழைத்தது

பம்பாய்க்கு வருவோம். 1854-லேயே இங்கே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளோடு டாக்டர் பாவு தாஜியும் அவர் தம்பி நாராயண் தாஜியும் அதில் இருந்தார்கள். பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. அதன் வளாகத்தில் நிற்கும் கல் யானையை மும்பைத் தமிழர்கள் பலர் பார்த்திருப்பார்கள். காராபுரித் தீவுக்கு போர்ச்சுகீசியர் எலிஃபெண்டா என்று பெயர் வைக்கக் காரணமான யானை அது. 1864-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்று உடைத்துவிட்டார்கள். உடைந்த துண்டுகளை ஒட்டி 1914-ல் மறுபடி நிறுத்தினார்கள்.

அதே எலிஃபெண்டாவைப் பற்றி ஜேம்ஸ் பர்ஜெஸ் 1871-ல் எழுதிய நூலில், சைக்ஸ் என்பவர் எடுத்த புகைப்படங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரிய குகையின் 26 தூண்களில் 8 உடைந்து கிடந்த காலம். இப்போது போய் நின்றால் தூண்கள் வரிசையாக முழுசாக நிற்கின்றன. எது ஆறாம் நூற்றாண்டுச் சிற்பி நிறுத்திய தூண், எது பிற்காலத்தில் தொல்லியல் துறை கட்டி நிறுத்தியது என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

படத்துக்கும் ஓவியப் பிரதிக்கும் நடந்த போட்டியில் அஜந்தா ஒரு துயரமான பாடம். 1844-ல் ராபர்ட் கில் என்ற மதராஸ் ராணுவ அதிகாரியை அஜந்தாவுக்கு அனுப்பினார்கள், குகை ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் படியெடுக்கச் சொல்லி. ஆண்டுக்கணக்கில் காட்டிலேயே தங்கி வரைந்தார். வரைந்தவற்றில் பெரும்பாலானவை 1866-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பற்றிய தீயில் சாம்பலாயின. அடுத்து 1872-ல், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு போய் மறுபடி வரைந்தார். பதின்மூன்று ஆண்டு உழைப்பு. அதிலும் பெரும்பங்கு 1885-ல் லண்டனில் இன்னொரு தீயில் போனது. கில் ஓவியத்தோடு நிற்காமல் கேமராவையும் கற்றுக்கொண்டிருந்தார். அஜந்தா, எல்லோராவை இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்து 1864-ல் நூல்களாகவே வெளியிட்டிருந்தார்கள். பிரதிகள் பல இருந்ததால் அவை பிழைத்தன. நாட்டை விட்டு வந்து இங்கேயே வாழ்ந்து, 1879-ல் இறந்து, பூசாவலில் புதைக்கப்பட்டவர் கில். அந்த வழியாக ரயிலில் போகிறவர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் படமும் உதவுமா என்றால், இல்லை. பாமியன் புத்தர்களை 2001-ல் தாலிபான் வெடி வைத்துத் தகர்த்த பிறகு, சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் கணினியில் பெரிய புத்தரை மறுபடி உருவாக்கிப் பார்த்தார்கள். இணையத்தில் கிடைத்த படங்களை வைத்து முயன்றார்கள். சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களை வைத்து முயன்றார்கள். ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா 1970-ல் அளவைக் கேமராவில் எடுத்து வைத்திருந்த மூன்றே படங்கள்தான் கணக்குத் தப்பாத உருவத்தைக் கொடுத்தன. எத்தனையோ ஆயிரம் பேர் அந்தப் புத்தரின் காலடியில் நின்று படமெடுத்திருப்பார்கள். வேலைக்கு உதவியது, எப்படி எடுத்தோம் என்று எழுதிவைத்தவருடைய படம்.

கடை அண்ணாச்சியின் போன்

இனி நம் கதை. ஐரோலி ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் தென்காசிக்காரர் ஒருவர், கொடைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததும் போனை நீட்டினார். கும்பாபிஷேகம் முடிந்த குலதெய்வக் கோயில். தரை முழுக்க கிரானைட். சுவரில் இடுப்புயரம் டைல்ஸ். பளபளவென்றிருந்தது.

“முன்னாடி எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“கல்தூணு மண்டபம் தம்பி. ஒரு தூணுல எழுத்துகூட இருந்துச்சு. தாத்தா காட்டுவாரு.”

“அந்தப் படம் வச்சிருக்கீங்களா?”

தேடினார். கல்யாணம், வளைகாப்பு, பூநாரை, எலிஃபெண்டா என்று படங்கள் ஓடின. கடைசியில் ஒன்று கிடைத்தது. மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த செல்ஃபி. படம் முழுக்க மூன்று முகங்கள். அவர் இடது தோளுக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்துக்குத் தூண். அதில் வெட்டெழுத்து நான்கைந்து வரி, பாதி பாதியாக. எண்ணெய் ஏறிக் கறுத்த கல். பெரிதாக்கினால் எழுத்து புள்ளி புள்ளியாக உடைகிறது.

“எந்த வருஷம் எடுத்தது?”

போன் காட்டிய தேதி, சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தேதி. எடுத்த தேதி அதில் இல்லை. அவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. அந்தத் தூண் இப்போது எங்கே என்று ஊருக்குப் போன் செய்து கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

ஊர்ப்பாசத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோயில் திருப்பணிக்குத் தன் வருமானத்துக்கு மீறிக் கொடுத்தவர். மும்பையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து இப்படி அனுப்புகிற பணத்தில்தான் நம் கிராமக் கோயில்கள் பலவும் புதுசாகின்றன. புதுசாகும்போது பழசு போய்விடுகிறது. பணம் அனுப்புகிறவர்கள், வேலை தொடங்குவதற்கு முன் ஒரு முழுப் படமாவது எடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்த ஒரு நிபந்தனை போதும். கொடுக்கிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது?

கோயிலுக்குள் போனுக்கே தடை, படமெடுப்பது எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கருவறைக்கு முன்னால் நின்று ரீல்ஸ் எடுத்ததால் வந்த வினை. அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். மூலவரை எவரும் படமெடுக்க வேண்டாம்.

ஆனால் களவு போகிறவை பெரும்பாலும் செப்புத் திருமேனிகள். உற்சவர்கள். அவர்கள் தெருவுக்கு வருகிறார்கள். அலங்காரத்தில் பட்டும் மாலையும் மூடியிருக்கும், முகமும் கையும் மட்டும் தெரியும் என்பது உண்மை. முகமும் கையும் பீடமும் தெளிவாக இருந்தாலே அடையாளத்துக்குப் பெரிய உதவி. விரல் முனையில் சிறு உடைசல், பீடத்தின் ஓரத்தில் வார்ப்புக் குறை, தேய்ந்த மூக்கு. நகல் செய்கிறவர் கோட்டைவிடும் இடங்கள் இவைதான். அலங்காரம் இல்லாத படம் வேண்டுமானால் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, அவர்களை வைத்தே எடுக்கச் சொல்லி, படத்தை அவர்களிடமே பத்திரமாக வைக்கச் சொல்லலாம். பிரெஞ்சு நிறுவனத்தாரும் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் சிக்கலே இல்லை. 2018-லிருந்து அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகால் கல்லறை மண்டபம் ஆகிய மூன்றைத் தவிர மற்ற இடங்களில் படமெடுக்கலாம். முக்காலிக்கு மட்டும் அனுமதி வேண்டும்.

எலிஃபெண்டாவின் சதாசிவத் திருவுருவம் வடக்கு நோக்கி, குகையின் பின்சுவரில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயரம். நேர் வெயில் அந்த முகங்களில் விழுவதில்லை. அங்கே ஃப்ளாஷ் அடித்தால் மூன்று முகமும் தட்டையாகி, சிற்பியின் உழைப்பு அத்தனையும் காணாமல் போகும். வாசல் வழியே தரையில் பட்டு மேலே தெறிக்கும் வெளிச்சம் போதும். போனைத் தூணில் சாய்த்து, மூச்சை அடக்கி எடுங்கள். கல்வெட்டுக்கு இதற்கு மாறான யோசனை: காலை அல்லது மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நின்று, ஒவ்வொரு எழுத்தும் எழும்பி வரும். உச்சிவெயிலில் எடுத்தால் வெறும் கல்தான் கிடைக்கும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது.

ஒரு கோயிலுக்குப் போனால் நான்கு திசையிலிருந்தும் முழுக்கோயில் தெரிகிற படம் ஒவ்வொன்று, பெயர்ப்பலகை ஒன்று, பிறகு தூண், கல்வெட்டு, வாகனம், மரத்தேரின் சிற்பம். அளவு தெரிய ஓரத்தில் ஒரு ஸ்கேல், இல்லாவிட்டால் தீப்பெட்டி. பூசாரியும் பூக்காரியும் அவர்கள் சம்மதத்தோடு படத்தில் இருக்கட்டும். ட்ரைப் தராமல் விட்டதை நாம் கொடுக்கலாம்.

படத்தை அனுப்பும்போது கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும்; எடுத்த தேதி, இடம் பற்றிய குறிப்பும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்பினால் அப்படியே போகும். இருந்தாலும் கணினியை நம்பி விடாதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கியபோது, அதன் இணையச் சேகரிப்புகளை மாதக்கணக்கில் எவராலும் பார்க்க முடியவில்லை. முக்கியமான படங்களைப் பிரின்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் ஊர், கோயில், திசை, நாள், எடுத்தவர் பெயர் எழுதி வையுங்கள்.

கன்ஹேரியில் 90-ஆம் குகையில் பஹ்லவி மொழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1009-லும் 1021-லும் வந்து பார்த்துப்போன பாரசீகர்கள் தங்கள் பெயர்களையும், வந்த நாள், மாதம், ஆண்டையும் வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் பௌத்தர்கள் அல்லர். நாட்டை விட்டு வந்தவர்கள், இன்னொரு மதத்தின் புனித இடத்தைப் பார்க்க மலையேறியவர்கள். ஆயிரம் ஆண்டு கழித்து, கொங்கணக் கரையில் அந்தச் சமூகம் வாழ்ந்ததற்கு நேரடிச் சான்றாக அந்த வரிகள் நிற்கின்றன. இன்று குகைச் சுவரில் பெயர் எழுதினால் குற்றம். படத்தின் பின்னால் எழுதினால் ஆவணம்.

கடைசியாக, ஐரோலியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் நான்கு தலைமுறையாகக் கட்டி வளர்த்த இடம். ஆதிதிராவிட மகாஜன சங்கத்தின் பிள்ளையார் கோயில், சந்துக்குச் சந்து அம்மன் பீடங்கள், கோலிவாடாவின் காம்பா தேவ், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், 1737 என்று கல்வெட்டு சொல்லும் காலா கிலா கோட்டை. தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. வீட்டுக்கு எண் போட்டார்கள். சந்துமுனை அம்மனுக்கு யார் எண் போடுவது? அந்தப் பீடம் எந்தத் தெருவில், எந்தத் திசை பார்த்து, யார் விளக்கேற்ற இருந்தது என்பதைப் புதுக் கட்டடத்தின் வரைபடம் சொல்லாது.

ஆகவே மும்பைத் தமிழ் இளைஞர்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவாகத் தாராவிக்குப் போங்கள். அங்கே இருக்கிறவர்களைக் கேட்டு, ஒவ்வொரு வழிபாட்டிடத்தையும் படமெடுங்கள். தெருப் பெயர், பூசை செய்கிறவர் பெயர், கட்டிய ஆண்டு, எடுத்த தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி நூலகத்தில், ஒரு பிரதி அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் இருக்கட்டும். கணக்கெடுப்பு முடிந்துவிட்ட தெருக்களிலிருந்து தொடங்குங்கள்.